பூரணி தேடிய சிவப்புக் குள்ளன்

பூரணிக்குப் பொறுமை உண்டு என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. ரொட்டி வேகும் வரை அடுப்படியில் நிற்கத் தெரியாது அவளுக்கு. பாதி வெந்ததும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, "மிச்சம் வயித்துக்குள்ள போய் வேகும், சாப்பிடுங்க" என்பாள். அவள் புருஷன் சுதாகரனும் பேசாமல் சாப்பிடுவான். கொட்டகலை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன், எதையும் தாங்கும் வயிறு.

இப்படிப்பட்டவளைத்தான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஆயம்மாவாகப் போட்டிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில் தாய்மார் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, பாட்டுப் பாடி, மத்தியானம் தூங்க வைக்க வேண்டும். பூரணி அதட்டினால் கைப்பிள்ளை முதற்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். பயத்தில் மூடுகிறதா தூக்கத்தில் மூடுகிறதா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

அவள் பிறந்தது றொசல்ல பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஐந்து பெண்களில் கடைசி. விஞ்ஞானம் படிக்கத்தான் ஆசை. அதற்கு ஹட்டன் வரை போய்வர வேண்டும், வீட்டில் அதற்குத் தோது இல்லை. அதனால் பக்கத்திலேயே கலைப்பிரிவில் சேர்ந்து புவியியலும் இந்து நாகரிகமும் படித்தாள். பரீட்சையில் பாஸ்தான், ஆனால் கம்பஸ் படிப்புக்குப் போதாத பாஸ். பிறகு கொழும்பில் ஒரு புடவைக்கடையில் சேலை மடித்தாள். ஒரு தீபாவளிக்குக் கொட்டகலையில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தபோது ஸ்டேஷனில் இறங்கி ஏறிய ஆட்டோ வழியெல்லாம் நின்று நின்று போனது. வேண்டுமென்றே நிறுத்தினான் என்பது பூரணியின் கட்சி. பிளக் சரியில்லை என்பது சுதாகரனின் கட்சி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பிள்ளைக்காம்பராவில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். ஜன்னலோரம், கைப்பிள்ளைகளின் சேலைத் தொட்டில்கள் கட்டியிருக்கும் மூலையில். மத்தியானம் எல்லாம் அடங்கியதும் பூரணி அங்கே ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் போனைப் பார்ப்பாள். ஒருநாள் சுவரில் ஒட்ட நட்சத்திரப் படம் தேடப் போனவள், எங்கோ விரல் பட்டு வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அது விஞ்ஞானிகள் நடத்துகிற ஒரு இணையதளம். வானத்தில் மிதக்கிற ஒரு தொலைநோக்கி நட்சத்திரங்களின் வெளிச்சத்தை விடாமல் அளந்து அனுப்புகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கிரகம் கடந்து போனால் வெளிச்சம் துளி குறையும். புள்ளி புள்ளியாய் ஓடுகிற கோட்டில் அது ஒரு சின்னப் பள்ளமாய்த் தெரியும். கம்ப்யூட்டர் கோட்டைவிடுகிற பள்ளத்தை மனுஷக் கண் சில நேரம் பிடித்துவிடும். அதனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து, பள்ளம் தெரிந்தால் குறித்துக் கொடுக்கலாம். பூரணி பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். ரொட்டிக்கு நிற்காதவள், பிள்ளைகள் எழும்பும் வரை அந்தப் புள்ளிகளை விட்டு நகரவில்லை.

வினை வந்தது மொழியில். தளம் இங்கிலீஷில் இருந்தது. பூரணிக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், ஆனால் மூச்சு வாங்கும். எனவே போனிலேயே தமிழுக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்த வேலை, நமக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னஞ்சிறு செந்நிற நட்சத்திரங்களைப் பார்ப்பது. சூரியனைவிடச் சூடு குறைந்தவை, அணையப் போகிற கங்கு மாதிரி மங்கலானவை. போன் இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அப்படியே தமிழாக்கி, பெரிய எழுத்தில் போட்டது:

"உங்கள் அருகிலுள்ள குளிர்ச்சியான சிவப்புக் குள்ளன்களைத் தேடுங்கள்."

இதைப் பூரணி வாசித்தபோது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த காளியாயி அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். காளியாயிக்கு நல்ல மனசு, நல்ல கண், வாய்க்கு மட்டும் கதவில்லை.

"யாரு புள்ள அது, சிவப்புக் குள்ளன்?"

"அது ஒண்ணுமில்லக்கா. தூரத்துல இருக்கிறவன். உனக்குப் புரியாது."

"அருகிலன்னு போட்டிருக்கே?"

பூரணி விளக்கியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். காளியாயி மலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள், பூரணி போனில் ஒரு சிவத்த, குள்ளமான ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் அந்த அடையாளத்துக்கு ஒரே ஆள்தான் உண்டு. கண்டாக்கு ஐயா. மலையில் வேலை மேற்பார்க்கிறவர். பெயர் அழகன், நல்ல சிவப்பு, உயரம் மட்டும் தேயிலைச் செடிக்குச் சற்று மேலே. கஞ்சிக்குச் சாமான் சரியாக வந்ததா என்று பார்க்க அவர் அடிக்கடி பிள்ளைக்காம்பராவுக்கு வருவது வழக்கம். போதாதா?

அது சுதாகரன் காதுக்கும் போனது. அதிலிருந்து ரோட்டில் கண்டாக்கைக் கண்டால் ஆட்டோவை அவர் செருப்பை உரசுகிற மாதிரி ஓட்டிப் போனான், ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல். கண்டாக்கு சாதுவான மனுஷன். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல், ரோட்டையே விட்டுவிட்டு ஆற்றோரக் குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினார். அங்கே அட்டைக் கடி. காலெல்லாம் ரத்தம் வழிய அவர் பெரட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்து, காதல் மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று காளியாயி உச்சுக் கொட்டினாள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு மத்தியானம் சுதாகரன் ஸ்டேஷனில் சவாரியை விட்டுவிட்டுக் கையும் களவுமாய்ப் பிடிக்க வந்தான். பூரணி தொட்டிலை ஆட்டிக்கொண்டு போனில் மூழ்கியிருந்தாள்.

"எங்க அவன்?"

"சத்தம் போடாதீங்க, பிள்ளைக எழும்பிரும். யாரு?"

"குள்ளன்."

பூரணி போனை அவன் பக்கம் திருப்பினாள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாய் ஓடின.

"இவன்தான்."

சுதாகரன் குனிந்து பார்த்தான். "மூஞ்சி எங்க?"

அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக யாருக்காவது முழுசாகச் சொன்னாள். "நீங்க மலைப்பாதையில வரும்போது எதிர்க்க லொறி வந்தா, அந்த லைட்டுக்கு முன்னால ஒரு விட்டில் பறந்தா தெரியுமா?"

"தெரியாது. கண்ணு கூசும்."

"சாமி மாடத்து வெளக்குக்கு முன்னால பறந்தா?"

"நெழலு விழுந்து செவுரே ஆடும்."

"அவ்வளவுதாங்க. சூரியன் மாதிரிப் பெரிய நட்சத்திரத்துக்கு முன்னால பூமி அளவு கிரகம் போனா கண்டுபிடிக்கிறது கஷ்டம். இந்தக் குள்ளன் சின்ன வெளக்கு. முன்னால என்ன போனாலும் காட்டிக் குடுத்துருவான்."

சுதாகரன் தலையாட்டினான். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது போல. வெளியே போகும்போது கண்டாக்கு அந்தப் பக்கம் வந்தார். இவனைக் கண்டதும் அவர் தேயிலைக்குள் இறங்கப் பார்க்க, இவன் ஓடிப் போய், "ஐயா வாங்க, ஏறுங்க, எங்க போகணும்" என்று வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான். அன்று அவர் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை.

குள்ளன் வழக்கு தீர்ந்ததும் கிரகம் வழக்கு பிறந்தது. பூரணி கிரகம் தேடுகிறாள் என்று சுதாகரனே ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிவிட்டான். ஏற்கனவே ஒன்பது கிரகம் ஆட்டுகிற ஆட்டத்தில் குடும்பங்கள் தள்ளாடுகின்றன, இவள் பத்தாவதைத் தேடிக் கொண்டுவந்து யார் தலையில் வைக்கப் போகிறாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு மட்டும் வேறு விதமாக யோசித்தாள். அவள் மகளுக்குச் செவ்வாய் தோஷம், வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டாள்.

"அம்மாக்கண்ணு அக்கா, நான் தேடுறது ஜாதகத்துக் கிரகம் இல்ல. இது வேற கிரகம்."

"வேற கிரகம்தானம்மா வேணும். இருக்கிறதெல்லாம் என் மகளுக்குக் கெட்டதாத்தானே இருக்கு."

பூரணி அம்மாக்கண்ணுவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. எங்கள் மலையில் வானம் என்று ஒன்று இருப்பதே பல நாள் தெரியாது, பனிமூட்டத்தில் பக்கத்து லயத்து வீடுகளே தெரியாது. இதற்குள் இருந்துகொண்டா நட்சத்திரம் பார்க்கிறாய் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். வானம் திறந்தாலும் அந்தக் குள்ளன்களில் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் பார்க்க முடியாது என்பதைப் பூரணி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேலி இரண்டு மடங்காகும் அல்லவா?

மழையோடு மழையாக அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு குள்ளனின் கோட்டில் பள்ளங்கள், ஒழுங்கான இடைவெளியில், திரும்பத் திரும்ப. குறித்து அனுப்பினாள். பதில் வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். ரொட்டிக்கே பொறுக்காதவள் இதற்கா பொறுப்பாள்? புருஷனிடம் சொன்னாள். காளியாயியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். கண்டாக்கு ஐயா தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து முட்டைக்கோவா ஒன்று கொண்டுவந்து, எட்டி நின்றபடியே கொடுத்து வாழ்த்தினார். சுதாகரன் பஸாரில் ஸ்டிக்கர் வெட்டி ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டான்: 'கிரகம் கண்டவளின் கணவன்'. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, பாவம், வீட்டில் என்ன கொடுமையோ என்று அவனுக்காக வருந்தினார்கள்.

பிறகு பதில் வந்தது. அது கிரகமில்லை. அந்தக் குள்ளனுக்கு வெகு தூரம் பின்னால், அதே திசையில், ஒன்றையொன்று சுற்றுகிற இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவை மாறி மாறி மறைத்துக்கொள்வதுதான் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பள்ளம் ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருப்பதைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். பூரணி பார்த்தாள். ஆமாம், இருந்தது. முதல் நாளே அது அவள் கண்ணில் பட்டதுதான். பட்டும், படாதது போல இருந்துவிட்டாள்.

சுதாகரன் ஒரு சவரக்கத்தியால் ஸ்டிக்கரைச் சுரண்டினான். 'கிரகம்' உரிந்து வந்துவிட்டது, 'கண்டவளின் கணவன்' மட்டும் போக மறுத்தது. இப்போது படிக்கிறவர்கள் இன்னும் அதிகமாக வருந்தினார்கள். கடைசியில் கண்ணாடியையே மாற்ற வேண்டி வந்தது.

பூரணி கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. யாரும் கேலி செய்யும் முன்னால் தானே தன்னைக் கேலி செய்துகொண்டாள். ஆனால் வீட்டில் ரொட்டி நன்றாக வெந்து வந்தது, அதுதான் சுதாகரனைப் பயமுறுத்தியது. "சண்டையாவது போடு புள்ள" என்று கெஞ்சிப் பார்த்தான். பலனில்லை.

மாற்றியது ஒரு குறுஞ்செய்தி. அந்தத் தளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் விஞ்ஞானி, எங்கோ குளிர் நாட்டில் இருப்பவர், பூரணியைக் காணோமே என்று எழுதியிருந்தார். தானும் படிக்கிற காலத்தில் இதே மாதிரி இரட்டை நட்சத்திரங்களிடம் ஏமாந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். போன் அதையும் தன் பாணியில் தமிழாக்கியது: "உங்கள் தவறு மிகவும் அழகாக இருக்கிறது. தயவுசெய்து திரும்பி வாருங்கள்."

பூரணி அதைச் சுதாகரனிடம் நீட்டினாள். "கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லிருக்கீங்களா?"

"நீ தப்பே பண்ணலையேம்மா" என்றான் சுதாகரன். ஆட்டோக்காரர்களுக்கு வளைவில் திருப்பத் தெரியும்.

அன்றைக்கு ரொட்டி பாதிதான் வெந்திருந்தது. அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

திரும்பிப் போனவள் இந்த முறை வேறு மாதிரிப் பார்த்தாள். இந்தக் குள்ளன்களில் பல ஒழுங்காக இருக்காது. திடீரென்று சீறி வெளிச்சம் எகிறும், அப்புறம் அடங்கும், மறுபடி சீறும். ஒன்று இந்த வேலையில் மகா மோசம். பார்க்க வந்தவர்களில் பலர் அலுத்துப்போய் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். பூரணிக்கு அது பழகிய விஷயம். காளியாயியின் கடைசிப் பிள்ளையே அப்படித்தான், காரணமில்லாமல் வீறிட்டு அழும், ஊரே திரும்பிப் பார்க்கும், தூக்கினால் சிரிக்கும். சிணுங்குகிற பிள்ளை என்று விட்டுவிட்டால் அதற்கு உண்மையில் காய்ச்சல் வருகிற நாளைக் கோட்டைவிட்டுவிடுவோம். அவள் அந்தச் சீற்றங்களை ஒதுக்கிவிட்டு இடையில் இருந்த அமைதியான பகுதிகளை மட்டும் பார்த்தாள். நாள்கணக்காகப் பார்த்தாள். பள்ளங்கள் இருந்தன. மெல்லியவை, ஒரே ஆழம், அடி தட்டையானவை. ஆழமும் மேலோட்டமும் மாறி வருகிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினாள். இல்லை.

குறித்து அனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. காளியாயி ஏதோ இருப்பதாக மோப்பம் பிடித்து, பால் கொடுக்கிற நேரத்தை வேண்டுமென்றே நீட்டிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. சுதாகரன் மறுபடி சந்தேகப்பட்டு, "இன்னொரு குள்ளனா?" என்று கேட்டபோது, "ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

அவளைப் போலவே வேறு சிலரும் அந்தப் பள்ளத்தைக் குறித்திருந்தார்கள், வேறு வேறு நாடுகளில் இருந்து. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு, அடுத்த பள்ளம் எப்போது வரும் என்று பார்த்து, தென்னமெரிக்க மலையொன்றில் இருக்கும் பெரிய தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். சொன்ன நேரத்தில் வெளிச்சம் குறைந்தது. அதற்கப்புறமும் மாதக்கணக்காகச் சோதனை. கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் அசைகிறதா என்று பார்த்து கிரகத்தை எடை போட்டும் பார்த்துவிட்டார்கள். பூமியைவிடச் சற்றுப் பெரிது என்று தெரிந்தது.

அந்தச் செய்தி பூரணிக்கு வந்தது ஒரு மத்தியானம். வழக்கம் போல ஒரு கை தொட்டிலில். வாசித்தாள். இங்கிலீஷிலேயே மறுபடி வாசித்தாள், மூச்சு வாங்கவில்லை. கண்டுபிடிப்புக் கட்டுரையில், முதலில் குறித்தவர்களோடு அவள் பெயரும் போகிறதாம். தொண்டைக்குள் ஒரு கூச்சல் கிளம்பியது. ஆனால் பாயில் வரிசையாகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கத்தினால் அத்தனையும் எழும்பி அழும். சேலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தொட்டிலை மட்டும் பலமாக ஆட்டினாள். உள்ளே கிடந்த பிள்ளை விழித்து அவளைப் பார்த்தது. ஆயம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், அழாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிடம்தான் முதலில் சொன்னாள். இடுப்பில் கட்டிய நனைந்த படங்கைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார்கள். சுதாகரனும் வந்திருந்தான். அந்த ஒரு பொழுது யாரும் கேலி செய்யவில்லை. பிறகு தொடங்கிவிட்டார்கள்.

"அது எவ்வளவு தூரம்?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"வெளிச்சம் அங்கயிருந்து இங்க வர நாப்பது வருஷம் ஆகும்க்கா. அதைத்தான் பக்கம்னு சொல்றாங்க."

"அங்க ஒரு வருஷம்னா?"

"நம்ம கணக்குல அஞ்சு நாளு. அவ்வளவு கிட்டத்துல சுத்துது."

"அஞ்சு நாளைக்கு ஒரு தீபாவளியா!" சுதாகரன் நெஞ்சில் கை வைத்தான். "சேலை எடுத்துக் குடுத்தே செத்துருவேன்."

"தேயிலை வருமா?" என்றாள் ஒருத்தி.

"கொதிக்கிற சூடு. கொழுந்து செடியிலயே காஞ்சு தூளாயிரும்."

"அப்ப பெக்டரி வேலை மிச்சம்."

பூரணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னொண்ணு கேளுங்க. அது பெரும்பாலும் ஒரே மூஞ்சியத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டிக்கிட்டுச் சுத்துமாம். அதனால ஒரு பக்கம் எப்பவும் ராத்திரி. மறு பக்கம் எப்பவும் பகல். பொழுது சாயவே சாயாது."

காளியாயி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். ரோட்டில் கண்டாக்கு போகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பொழுதே சாயாத ஊரா? அப்ப கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வர்ற நேரமே வராதே. சும்மா இரு புள்ள. தோட்டத்துத் தொரைமார் காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கே நம்மளக் கப்பலேத்தி அங்க அனுப்பிருவாங்க."

தாய்மார் எல்லோரும் தலையாட்டினார்கள். பூரணியும் யோசித்துப் பார்த்தாள், சொல்வதில் நியாயம் இருந்தது. அந்தக் கிரகத்தை உலகத்துக்கே தெரியும். எங்கள் தோட்டத்தில் மட்டும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.